எம்1911 கைத்துப்பாக்கியின் தனிப்பயனாக்கம்

எம்1911 கைத்துப்பாக்கியின் தனிப்பயனாக்கம் என்பது, எம்1911 வகை அரைத்தானியங்கிக் கைத்துப்பாக்கி ஒன்றின் பாகங்களை மாற்றியும் செப்பனிட்டும் குறிப்பிட்ட ஒருவரின் கைக்கும் தேவைக்கும் ஏற்ப அமைக்கும் வேலையைக் குறிக்கும். பெரும்பாலும் ஏற்கெனவே பயன்படுத்தப்பட்ட துப்பாக்கிகளே இவ்வேலைக்கு அடிப்படையாக அமைந்தன. மூல உற்பத்தியாளர் அல்லாத பிற நிறுவனங்கள் தயாரித்து விற்கும் மாற்று உதிரிப்பாகங்கள் இதில் பயன்படுகின்றன. இவ்வேலையைச் செய்பவர் துப்பாக்கிக் கொல்லர் எனப்படுகிறார்.

இவ்வழக்கம் ஐக்கிய அமெரிக்காவில் தோன்றி வளர்ந்தது. இரண்டு உலகப் போர்களுக்காகப் பெருமளவில் தயாரிக்கப்பட்ட துப்பாக்கிகள் போருக்குப் பின் பொதுமக்கள் கைக்கு வந்தமையும், அவற்றின் பாகங்கள் ஒரே வரைபடத்தின்படி பல ஆலைகளில் செய்யப்பட்டமையும், இலக்குச் சுடும் போட்டிகள் பரவியமையும் இதற்கு முதன்மைக் காரணங்கள்.

எம்1911 துப்பாக்கியில் ஒரு பாகத்தின் அளவு மற்றொன்றின் இயக்கத்தைத் தீர்மானிக்கிறது. எனவே ஒன்றை மாற்றும்போது அதனுடன் தொடர்புடைய அனைத்தையும் மீண்டும் சரிபார்க்க வேண்டியுள்ளது. துல்லியத்தைக் கூட்டுவதற்கான மாற்றம் நம்பகத்தன்மையைக் குறைக்கக்கூடும். விசையை மென்மையாக்கும் மாற்றம் பாதுகாப்பைக் குறைக்கக்கூடும்.

பின்னணி

எம்1911 கைத்துப்பாக்கியை அமெரிக்க வடிவமைப்பாளர் ஜான் மோசசு பிரௌனிங் (1855–1926) உருவாக்கினார். கோல்ட் நிறுவனம் இதனைத் தயாரித்தது. தேர்வுச் சோதனையில் ஒரே துப்பாக்கியிலிருந்து 6,000 தோட்டாக்கள் சுடப்பட்டன. 1911 மார்ச் 29 அன்று அமெரிக்கத் தரைப்படை இதனை ஏற்றுக்கொண்டது. 1985 இல் பெரெட்டா எம்9 தேர்ந்தெடுக்கப்படும் வரை இதுவே அமெரிக்கப் படைகளின் பொதுக் கைத்துப்பாக்கியாக இருந்தது.

இது .45 ஏசிபி என்னும் தோட்டாவைப் பயன்படுத்துகிறது. அதன் குண்டின் விட்டம் ஏறத்தாழ 11.5 மி.மீ.; படைப் பயன்பாட்டுக் குண்டின் எடை 230 கிரெயின், அதாவது சுமார் 15 கிராம். சுடுகுழலின் நீளம் 5 அங்குலம் (127 மி.மீ.). வெறுந்துப்பாக்கியின் எடை சுமார் 1.1 கிலோகிராம். மேகசினில் 7 தோட்டாக்கள் அடங்கும்.

முதல் உலகப் போர் அனுபவத்தின் அடிப்படையில் 1920களில் சில திருத்தங்கள் செய்யப்பட்டன. விசை குறுக்கப்பட்டது, விசைக்குப் பின்னுள்ள சட்டகப் பகுதி விரலுக்கு இடம் தரும்படி குடையப்பட்டது, பிடிப் பாதுகாப்பின் மேல்நுனி நீட்டப்பட்டது, முன் குறிநோக்கி அகலமாக்கப்பட்டது. இவ்வடிவம் எம்1911ஏ1 எனப் பெயர் பெற்றது. துப்பாக்கியைக் கைக்குப் பொருத்தும் வேலையை முதலில் தொடங்கியது அதனைப் பயன்படுத்திய படையே என்பதை இத்திருத்தங்கள் காட்டுகின்றன.

இரண்டாம் உலகப் போரின்போது கோல்ட் நிறுவனத்துடன், தட்டச்சுப்பொறி தயாரித்த ரெமிங்டன் ராண்ட், வேட்டைத் துப்பாக்கி தயாரித்த இத்தாக்கா, தொடருந்துச் சைகைக் கருவிகள் தயாரித்த யூனியன் சுவிட்ச் அண்ட் சிக்னல் ஆகியவையும் இத்துப்பாக்கியைத் தயாரித்தன. தையல் இயந்திர நிறுவனமான சிங்கர் 500 துப்பாக்கிகளை மட்டும் செய்தது. ஓர் ஆலையின் பாகம் மற்றோர் ஆலையின் துப்பாக்கியில் பொருந்த வேண்டும் என்பது ஒப்பந்த விதி. போர்க்களப் பழுதுபார்ப்புக்காக வகுக்கப்பட்ட இவ்விதியே பிற்கால உதிரிப்பாகத் தொழிலுக்கு அடித்தளமாயிற்று. பிரௌனிங்கின் 1911 ஆம் ஆண்டுக் காப்புரிமை 1928 இல் காலாவதியானதால், பிறர் இப்பாகங்களைத் தயாரிக்கச் சட்டத் தடையும் இருக்கவில்லை.

இயங்கும் முறை

மாற்றங்களின் விளைவைப் புரிந்துகொள்ளத் துப்பாக்கியின் இயக்கத்தை அறிவது இன்றியமையாதது. துப்பாக்கியில் இரண்டு பெரும் பகுதிகள் உள்ளன. கீழே கைப்பிடியுடன் கூடிய சட்டகம் உள்ளது. அதன் மேல், காடிகளில் முன்னும் பின்னும் நகரும் ஸ்லைடு உள்ளது. சுடுகுழல் ஸ்லைடுக்கு உள்ளே தனிப் பாகமாக அமைந்துள்ளது.

தோட்டா வெடிக்கும் கணத்தில் சுடுகுழலின் மேற்புறப் பற்கள் ஸ்லைடின் உட்புறப் பள்ளங்களில் பூட்டிக்கொண்டிருக்கும். பின்னுதைப்பினால் இரண்டும் சேர்ந்து சிறிது தூரம் பின்னோக்கிச் செல்கின்றன. அப்போது சுடுகுழலின் கீழே உள்ள ஊசலாடும் இணைப்புத்துண்டு அதன் பின்முனையைக் கீழே இழுக்கிறது, பற்கள் விடுபடுகின்றன. ஸ்லைடு தனியே பின்சென்று வெற்றுறையை உருவி வெளியே எறிகிறது. சுத்தியலையும் பின்தள்ளி நிறுத்துகிறது. பின்னர்ப் பின்னுதைப்புச் சுருள்வில் ஸ்லைடை முன்தள்ள, மேகசினிலிருந்து அடுத்த தோட்டா அறைக்குள் ஏறுகிறது. சுடுகுழல் மீண்டும் உயர்ந்து பூட்டிக்கொள்கிறது.

பின்னிழுக்கப்பட்ட சுத்தியலைச் சியர் என்னும் சிறு நெம்பு பிடித்து நிறுத்துகிறது. விசையை இழுக்கும்போது சியர் விலகி, சுத்தியல் விடுபட்டு, அடியூசியைத் தாக்குகிறது. அடியூசி தோட்டாவின் அடியிலுள்ள எரியூட்டியைத் தாக்குகிறது. துண்டிப்பான் என்னும் மற்றொரு பாகம், ஸ்லைடு முழுமையாக மூடாதபோது விசைக்கும் சியருக்கும் இடையிலான தொடர்பை அறுக்கிறது. ஒருமுறை விசையை இழுத்தால் ஒரு தோட்டா மட்டுமே வெடிப்பதற்கு இதுவே காரணம்.

கையால் இயக்கும் பாதுகாப்புகள் இரண்டு. கைப்பிடியை இறுகப் பற்றினால் மட்டுமே விசையை நகரவிடும் பிடிப் பாதுகாப்பு ஒன்று. சியரையும் ஸ்லைடையும் பூட்டும் பெருவிரல் பாதுகாப்பு மற்றொன்று.

வரலாறு

இலக்குச் சுடும் போட்டிகள்

முதலில் மாற்றங்களைக் கோரியவர்கள் இலக்குச் சுடும் போட்டியாளர்கள். ஒகையோ மாநிலத்தின் கேம்ப் பெரியில் நடைபெறும் தேசியப் போட்டிகளில் 50 கஜத் தொலைவிலும் சுட வேண்டும். அங்கு 10 புள்ளி வட்டத்தின் விட்டம் 3.36 அங்குலம் (சுமார் 85 மி.மீ.) மட்டுமே. சேற்றிலும் மணலிலும் இயங்குவதற்காகத் தளர்வான இடைவெளிகளுடன் செய்யப்பட்ட படைத்துப்பாக்கி இத்தேவைக்குப் போதவில்லை.

கோல்ட் நிறுவனம் 1930களில் 'நேசனல் மேட்ச்' என்னும் கவனமாகப் பொருத்தப்பட்ட வகையை விற்றது. 1950களின் நடுவிலிருந்து தரைப்படையின் ஆயுதக் கம்மியர்கள் பழைய எம்1911ஏ1 துப்பாக்கிகளை எடுத்து, புதிய சுடுகுழலும் குறிநோக்கிகளும் பொருத்திப் போட்டித் துப்பாக்கிகளாக மாற்றினர். 1957 இல் கோல்ட் நிறுவனத்தின் 'கோல்டு கப்' வகை வெளியானது. படையிலிருந்து விடுவிக்கப்பட்ட துப்பாக்கிகள் 1960களில் அரசுத் திட்டத்தின் வழியாகக் குறைந்த விலையில் பொதுமக்களுக்கு விற்கப்பட்டன. அவை துப்பாக்கிக் கொல்லர்களின் பட்டறைகளுக்கு வந்து சேர்ந்தன.

செயல்முறைச் சுடுதல்

1950களில் கலிபோர்னியாவில் செஃப் கூப்பர் (1920–2006) என்பவரும் அவருடைய தோழர்களும் வேகமாக எடுத்துச் சுடும் போட்டிகளை நடத்தினர். உறையிலிருந்து எடுத்தல், நகர்தல், மேகசின் மாற்றுதல் ஆகியவை இப்போட்டிகளில் அடங்கின. 1976 இல் மிசூரி மாநிலத்தின் கொலம்பியா நகரில் பன்னாட்டுச் செயல்முறைச் சுடுதல் கூட்டமைப்பு உருவானது. கூப்பர் அதன் முதல் தலைவரானார். அதே ஆண்டில் அவர் அரிசோனாவில் ஒரு பயிற்சிப் பள்ளியையும் தொடங்கினார்.

இப்போட்டிகள் வேறுவகை மாற்றங்களைக் கோரின. துல்லியத்துடன் வேகமும் தேவைப்பட்டது. பெரிய குறிநோக்கிகள், அகன்ற பெருவிரல் நெம்பு, மேகசின் எளிதில் நுழையும்படி சரிவாக வெட்டப்பட்ட வாய் ஆகியவை பரவின. இரு கைகளாலும் இயக்கத்தக்க பெருவிரல் பாதுகாப்பைப் பரப்பியவராகக் கலிபோர்னியாவின் துப்பாக்கிக் கொல்லர் ஆர்மண்ட் சுவென்சன் கருதப்படுகிறார்.

1980களில் .38 சூப்பர் தோட்டாவும், வெடிவாயுவை மேல்நோக்கித் திருப்பித் துப்பாக்கியின் முனை எழும்புவதைக் குறைக்கும் வாயு திசைமாற்றியும் போட்டிகளில் பரவின. 1990களில் சிவப்புப் புள்ளி ஒளிக்குறிநோக்கிகளும், இரட்டை வரிசை மேகசின் கொண்ட அகன்ற சட்டகங்களும் வந்தன.

உதிரிப்பாகத் தொழில்

ஐயோவா மாநிலத்தில் 1939 இல் தொடங்கப்பட்ட பிரௌனல்சு நிறுவனம் துப்பாக்கிக் கொல்லர்களுக்கான கருவிகளையும் பாகங்களையும் அஞ்சல்வழி விற்றது. 1970களின் பிற்பகுதியிலிருந்து துப்பாக்கிக் கொல்லர்கள் சிலர் தாம் பட்டறையில் கையால் செய்த பாகங்களையே பெருமளவில் தயாரித்து விற்கத் தொடங்கினர். பில் வில்சன் 1977 இல் ஆர்கன்சா மாநிலத்தில் தொடங்கிய நிறுவனம் இவற்றுள் ஒன்று. எட் பிரௌன், லெஸ் பேர் ஆகியோரின் நிறுவனங்களும் இவ்வாறே வளர்ந்தன.

1985 இல் இசுபிரிங்ஃபீல்டு ஆர்மரி நிறுவனமும், 1990களின் நடுவில் கிம்பர் நிறுவனமும் எம்1911 வகைத் துப்பாக்கிகளை வெளியிட்டன. பட்டறையில் மட்டுமே கிடைத்த பல மாற்றங்களைக் கிம்பர் ஆலைத் துப்பாக்கியிலேயே சேர்த்துக் கொடுத்தது. பிற உற்பத்தியாளர்களும் அதைப் பின்பற்றினர். ஒரு தலைமுறைக்கு முன் தனிப்பயனாக்கமாக இருந்தவை இதனால் வழக்கமான அமைப்புகளாயின.

மாற்றப்படும் பாகங்கள்

குறிநோக்கிகள்

படைத்துப்பாக்கியின் குறிநோக்கிகள் மிகச் சிறியவை. மங்கிய ஒளியில் அவற்றைக் காண்பது கடினம். எனவே பெரும்பாலும் முதலில் மாற்றப்படுவது இவையே. ஸ்லைடில் புறாவால் வடிவக் காடி வெட்டிப் புதியவை பொருத்தப்படுகின்றன. போட்டிக்கு உயரமும் பக்கமும் திருத்தத்தக்கவையும், உடலில் அணிந்து செல்வதற்கு உறையில் சிக்காத தாழ்ந்த வகையும் விரும்பப்படுகின்றன. ஸ்லைடை ஒருமுறை வெட்டிவிட்டால் பழைய நிலைக்குக் கொண்டுவர இயலாது.

சுடுகுழலும் முனைவளையமும்

குறிநோக்கிகள் ஸ்லைடின் மேல் உள்ளன. குண்டு செல்வதோ தனியே அசையும் சுடுகுழலின் வழியாக. ஒவ்வொரு முறை மூடும்போதும் சுடுகுழல் ஸ்லைடுக்குள் அதே இடத்திற்குத் திரும்பினால்தான் குறி பார்த்த இடத்தில் குண்டு படும். 127 மி.மீ. நீளமுள்ள சுடுகுழலின் ஒரு முனை 0.1 மி.மீ. விலகி அமர்ந்தால், 50 கஜத்தில் குண்டு ஏறத்தாழ 36 மி.மீ. விலகிச் செல்லும். இது 10 புள்ளி வட்டத்தின் விட்டத்தில் ஐந்தில் இரண்டு பங்குக்கும் மேல்.

இதனால் துல்லியத்திற்கான வேலையில் சுடுகுழலைப் பொருத்துவதே முதலிடம் பெறுகிறது. போட்டிக்கான சுடுகுழல்கள் தேவைக்குச் சற்றுப் பெரிய அளவில் விற்கப்படுகின்றன. துப்பாக்கிக் கொல்லர் அதன் பின்முனை, கீழ்ப்பற்கள், முன்முனையைத் தாங்கும் முனைவளையம் ஆகியவற்றை அரத்தால் சிறிது சிறிதாகத் தேய்த்து அந்தத் துப்பாக்கிக்கென்றே பொருத்துகிறார். சட்டகத்துக்கும் ஸ்லைடுக்கும் இடையிலான ஆட்டத்தைக் குறைப்பதும் வழக்கம். எனினும் துல்லியத்தில் அதன் பங்கு சுடுகுழலின் பங்கைவிடக் குறைவு.

பிடிப் பாதுகாப்பும் சுத்தியலும்

ஸ்லைடு பின்வரும்போது சுத்தியலின் நுனி, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையிலுள்ள தசையைக் கிள்ளுவது பழைய துப்பாக்கிகளின் குறை. இதைத் தவிர்க்கப் பீவரின் வால் போல் அகன்று மேல்வளைந்த பிடிப் பாதுகாப்பு பொருத்தப்படுகிறது. இதனால் கை சற்று உயரத்தில் பிடிக்க முடிவதுடன் பின்னுதைப்பும் பரவலாக உணரப்படுகிறது. இதற்குச் சட்டகத்தின் பின்மூலையை வட்டவில்லாக வெட்ட வேண்டும். பரவலாக வழங்கும் ஆரை 0.25 அங்குலம் (6.35 மி.மீ.). நீண்ட நுனியுள்ள பழைய சுத்தியல் புதிய பிடிப் பாதுகாப்பில் மோதுவதால், வளையவடிவச் சுத்தியலும் சேர்த்தே மாற்றப்படுகிறது.

விசைத்தொகுதி

படைத்துப்பாக்கியின் விசை இழுவை ஏறத்தாழ 5 முதல் 6.5 பவுண்டு (2.3–2.9 கிலோகிராம்) ஆகும். அமெரிக்கத் தேசியத் துப்பாக்கிச் சங்கத்தின் இலக்குப் போட்டி விதிகளில் .45 துப்பாக்கிக்கு 3.5 பவுண்டு (1.6 கிலோகிராம்) என்பது குறைந்தபட்ச அளவு. எம்1911 இன் விசை சுழலாமல் நேராகப் பின்னோக்கி நகர்வதால், மிகத் தெளிவான, குறுகிய இழுவையை இதில் அமைக்க முடிகிறது. இத்துப்பாக்கி போட்டியாளர்களிடம் இன்றும் விரும்பப்படுவதற்கு இது ஒரு பெரும் காரணம். சுத்தியல், சியர், துண்டிப்பான், மூன்று கிளைகளைக் கொண்ட சியர்த் தகட்டுவில் ஆகியவை ஒரே தொகுதியாகக் கருதி மாற்றப்படுகின்றன.

சுருள்வில்கள்

.45 ஏசிபி தோட்டாவுக்கான பின்னுதைப்புச் சுருள்வில்லின் வழக்கமான வலு 16 பவுண்டு. வலு குறைந்த போட்டித் தோட்டாக்களுக்கு மென்மையான சுருள்வில் தேவை. இல்லையேல் ஸ்லைடு முழுதும் பின்செல்லாது. வலு மிகுந்த தோட்டாவுடன் மென்மையான சுருள்வில்லைச் சேர்த்தால் ஸ்லைடு சட்டகத்தை ஓங்கி அடிக்கும். பயன்படுத்தப்பட்ட துப்பாக்கியில் சுருள்வில்கள் தளர்ந்திருக்க வாய்ப்பு மிகுதி. விலை குறைந்ததும் பயன் மிகுந்ததுமான மாற்றம் இதுவே.

வெற்றுறை உருவியும் மேகசினும்

எம்1911 இன் வெற்றுறை உருவி தன் நீளமே வில்லாகச் செயல்படும் ஒற்றை எஃகுத் துண்டு. அதன் இறுக்கம் கையால் சீராக்கப்படுகிறது. இறுக்கம் மிகுந்தால் தோட்டா ஏறாது. குறைந்தால் வெற்றுறை வெளிவராது. மேகசினின் உதடுகள் வளைந்திருந்தாலும் இதே வகைத் தடைகள் தோன்றும். எனவே தடைபடும் பழைய துப்பாக்கியில் முதலில் மேகசினை மாற்றிப் பார்ப்பது துப்பாக்கிக் கொல்லர்களின் வழக்கம்.

பழைய துப்பாக்கிகள் உருண்டை முனைக் குண்டுக்காகவே வடிவமைக்கப்பட்டவை. தட்டையான முனையோ குழிவான முனையோ கொண்ட குண்டுகள் சுடுகுழலின் வாயில் முட்டிக்கொள்வதுண்டு. ஏறுசரிவைச் சீராக்கும் வேலை 1970களில் பட்டறைகளின் அன்றாட வேலையாக இருந்தது. பிற்கால ஆலைச் சுடுகுழல்கள் இதற்கேற்பவே வருகின்றன.

பாகங்களைப் பொருத்துதல்

மாற்று உதிரிப்பாகங்கள் இரு வகையில் விற்கப்படுகின்றன. ஒன்று, தேய்த்துப் பொருத்த வேண்டிய பெரிய அளவுப் பாகங்கள். மற்றது, அப்படியே மாட்டலாம் என்று விளம்பரப்படுத்தப்படும் பாகங்கள். கைப்பிடித் தகடுகள், சுருள்வில்கள், மேகசின் ஆகியவை பெரும்பாலும் அப்படியே பொருந்துகின்றன. பெருவிரல் பாதுகாப்பு, பிடிப் பாதுகாப்பு, சியர், சுடுகுழல் ஆகியவை அவ்வாறு பொருந்துவது அரிது.

வரைபடம் ஒன்றே என்றாலும், அதில் ஒவ்வோர் அளவுக்கும் ஏற்கத்தக்க விலக்கம் உண்டு. ஒரு சட்டகத்தின் ஊசித்துளை அதன் மேல் எல்லையிலும், புதிய பாகம் கீழ் எல்லையிலும் இருந்தால் இரண்டும் சரியான அளவினவே. ஆயினும் சேரும்போது தளர்வு தோன்றும். விலக்கங்கள் இவ்வாறு ஒன்றன்மேல் ஒன்றாகக் கூடுவது எல்லா இயந்திரங்களுக்கும் பொதுவானது. ஒன்றுக்கு மேற்பட்ட நிறுவனங்களின் பாகங்கள் கலந்த துப்பாக்கியில் இது மேலும் கூடுகிறது.

பாகம் செய்யப்பட்ட முறையும் கருதத்தக்கது. முழு எஃகுத் துண்டிலிருந்து கடையப்பட்டவை, உலோகத்தூளை அச்சில் செலுத்திச் சூட்டில் இறுக்கியவை என இரு வகைப் பாகங்கள் கிடைக்கின்றன. இரண்டாவது முறை விலை குறைந்தது. சியர், பெருவிரல் பாதுகாப்பு போன்று அழுத்தம் தாங்கும் இடங்களில் பல துப்பாக்கிக் கொல்லர்கள் முதல் வகையையே விரும்புகின்றனர்.

துல்லியமும் நம்பகத்தன்மையும்

பிரௌனிங்கின் வடிவமைப்பில் இருந்த தளர்வு பெரும்பாலும் நோக்கத்துடன் அமைந்தது. தூசி, கரி, உலர்ந்த எண்ணெய் ஆகியவற்றுக்கு இடம் தந்து துப்பாக்கி தொடர்ந்து இயங்க அது உதவுகிறது. இடைவெளிகளை மிகவும் இறுக்கினால் குண்டுகள் நெருங்கி விழும். ஆனால் துப்பாக்கியை அடிக்கடி துடைத்து எண்ணெய் இட வேண்டியிருக்கும்.

எனவே பயன்பாடே மாற்றத்தின் எல்லையைத் தீர்மானிக்கிறது. இலக்குப் போட்டியில் ஒரு தடை சில புள்ளிகளை இழக்கச் செய்யும். தற்காப்புக்கோ படைப் பணிக்கோ உரிய துப்பாக்கியில் அது உயிரிழப்புக்குக் காரணமாகலாம். அத்தகைய துப்பாக்கிகளில் குறிநோக்கி, நம்பகமான மேகசின், மிதமான விசை இழுவை ஆகியவற்றுடன் நிறுத்திக்கொள்வது பொதுவாகப் பரிந்துரைக்கப்படுகிறது.

பாதுகாப்பு

எம்1911 தனிப்பயனாக்கத்தில் மிகவும் ஆபத்தான பகுதி விசைத்தொகுதி ஆகும். சுத்தியலின் கொக்கியும் சியரின் விளிம்பும் தொடும் பரப்பு மிகச் சிறியது. கடினமாக்கப்பட்ட மேல்தோலைத் தேய்த்துவிட்டால் அவ்விளிம்பு முதலில் நன்றாக இயங்குவதுபோல் தோன்றி, சில நூறு தோட்டாக்களுக்குப் பின் தேய்ந்துபோகும். கோணம் தவறினால் ஸ்லைடு மூடும் அதிர்ச்சியில் சுத்தியல் தானே விழலாம். ஒரே இழுப்பில் ஒன்றுக்கு மேற்பட்ட தோட்டாக்கள் வெடிக்கலாம். எடை மிகுந்த விசையும் தன் நிலைமத்தால் பின்னோக்கித் துள்ளிச் சியரை அசைக்கக்கூடும். போட்டித் துப்பாக்கிகளில் துளையிட்ட அலுமினிய விசைகள் பயன்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பெருவிரல் பாதுகாப்பு ஒவ்வொரு சியருக்கும் தனியே பொருத்தப்பட வேண்டும். சியரை மாற்றிவிட்டுப் பழைய பாதுகாப்பை அப்படியே மாட்டினால், நெம்பு மேலே இருந்தும் சியர் அசையக்கூடும். சுத்தியலைப் பின்னிழுத்துப் பாதுகாப்பைப் பூட்டிய நிலையில் எடுத்துச் செல்லப்படும் இத்துப்பாக்கியில் இக்குறை வெளியே தெரிவதில்லை.

துப்பாக்கி கீழே விழும்போது ஏற்படும் ஆபத்து வேறு வகையானது. மூல வடிவமைப்பில் அடியூசி ஒரு சுருள்வில்லால் மட்டுமே பின்னே நிறுத்தப்படுகிறது. முனை கீழாகக் கடினத் தரையில் விழுந்தால், அடியூசி நிலைமத்தால் முன்சென்று எரியூட்டியைத் தாக்கும் வாய்ப்பு உண்டு. கோல்ட் நிறுவனம் 1983 இல் அறிமுகப்படுத்திய 80 வரிசையில், விசையை இழுத்தால் மட்டுமே அடியூசியை விடுவிக்கும் தடுப்பு சேர்க்கப்பட்டது. இத்தடுப்பின் நெம்புகள் விசை இழுவையில் உராய்வைக் கூட்டுவதால் 1970 முதல் 1983 வரை வந்த 70 வரிசையைப் போட்டியாளர் பலர் விரும்பினர். வேறு சில உற்பத்தியாளர்கள் தடுப்புக்குப் பதிலாக எடை குறைந்த டைட்டானிய அடியூசியையும் வலுவான சுருள்வில்லையும் பயன்படுத்துகின்றனர். மென்மையான இழுவைக்காக 80 வரிசையின் தடுப்பைக் கழற்றிவிடுவது, வடிவமைப்பாளர் சேர்த்த ஒரு பாதுகாப்பை நீக்குவதாகும்.

இக்காரணங்களால் விசைத்தொகுதி, சுடுகுழல் ஆகியவற்றின் வேலை பயிற்சி பெற்ற துப்பாக்கிக் கொல்லரால் செய்யப்பட வேண்டும் என்பதும், எந்த மாற்றத்துக்குப் பின்னரும் எல்லாப் பாதுகாப்புகளும் சரிபார்க்கப்பட வேண்டும் என்பதும் பொதுவான விதிகள்.

மெரீன் படையின் எடுத்துக்காட்டு

பழைய துப்பாக்கியில் மாற்று உதிரிப்பாகங்களைப் பொருத்தும் முறைக்கு மிக அறியப்பட்ட எடுத்துக்காட்டு அமெரிக்க மெரீன் படையினுடையது. 1985 இல் படைகள் எம்9 துப்பாக்கிக்கு மாறியபோதும், மெரீன் படையின் உளவுப் பிரிவினர் .45 துப்பாக்கியையே விரும்பினர். அப்போது அரசிடம் இருந்தவை 1945 வரை செய்யப்பட்ட துப்பாக்கிகளே.

வர்சீனியாவின் குவாண்டிகோ தளத்திலுள்ள ஆயுதக் கம்மியர்கள் கிடங்கிலிருந்த எம்1911ஏ1 துப்பாக்கிகளில் நல்ல சட்டகங்களைத் தேர்ந்தெடுத்தனர். அவற்றில் சந்தையில் கிடைத்த பாகங்களைப் பொருத்தினர். பார்-ஸ்டோ நிறுவனத்தின் சுடுகுழல், பீவர்வால் பிடிப் பாதுகாப்பு, இருபுறப் பெருவிரல் பாதுகாப்பு, பெரிய குறிநோக்கிகள், பாக்மையர் நிறுவனத்தின் இரப்பர்க் கைப்பிடிகள் ஆகியவை அவற்றுள் அடங்கும். போட்டியாளர்களுக்காக உருவான பாகங்கள் இவ்வாறு படையின் ஆயுதத்தில் இடம்பெற்றன.

ஒவ்வொரு துப்பாக்கியும் கையால் பொருத்தப்பட்டதால், களத்தில் ஒன்றின் பாகத்தை மற்றொன்றில் மாற்ற இயலவில்லை. மூல வடிவமைப்பின் தலையாய பண்பு இதனால் இழக்கப்பட்டது. தேர்ந்த கம்மியர்களின் எண்ணிக்கையே கிடைக்கும் துப்பாக்கிகளின் எண்ணிக்கையையும் வரையறுத்தது. 2012 இல் மெரீன் படை ஆலையில் தயாரான எம்45ஏ1 துப்பாக்கிகளைக் கோல்ட் நிறுவனத்திடமிருந்து வாங்க ஒப்பந்தம் செய்தது. பின்னர் அவற்றின் இடத்தை 9 மி.மீ. எம்18 துப்பாக்கி பெற்றது.

சட்ட நிலை

ஐக்கிய அமெரிக்காவில் 1968 ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, எம்1911 இன் சட்டகமே சட்டத்தின் பார்வையில் துப்பாக்கி ஆகும். தொடர் எண் அதில்தான் பொறிக்கப்படும். சுடுகுழல், ஸ்லைடு, விசைத்தொகுதி ஆகியவை நடுவண் சட்டப்படி வெறும் உதிரிப்பாகங்கள், அஞ்சலில் வாங்கலாம். இத்தனிப்பயனாக்கம் அந்நாட்டில் இவ்வளவு வளர்ந்ததற்கு இச்சட்ட அமைப்பும் ஒரு காரணம்.

எனினும் எல்லா மாற்றங்களும் அங்கு அனுமதிக்கப்படுவதில்லை. துப்பாக்கியை முழுத்தானியங்கியாக மாற்றுவதும், உரிய பதிவின்றித் தோள்தாங்கி பொருத்துவதும் நடுவண் சட்டப்படி குற்றங்கள். முழுமை பெறாத சட்டகங்களை முடித்துத் தொடர் எண் இல்லாத் துப்பாக்கிகளை உருவாக்குவதைக் கட்டுப்படுத்த 2022 இல் புதிய விதிகள் வந்தன. 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அவற்றை உறுதிப்படுத்தியது. மாநிலச் சட்டங்கள் இவற்றினும் கடுமையாக இருக்கலாம். வெளிமுனையில் மரை வெட்டிய சுடுகுழலைக் கலிபோர்னியா தடை செய்துள்ளது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் சட்டகத்துடன் சுடுகுழலும் ஸ்லைடும் இன்றியமையாப் பாகங்களாக வகைப்படுத்தப்பட்டு, துப்பாக்கிக்குரிய கட்டுப்பாடுகள் அவற்றுக்கும் பொருந்துகின்றன. கனடா 2022 அக்டோபரில் தனிநபர்களிடையே கைத்துப்பாக்கி விற்பனையையும் கைமாற்றத்தையும் நிறுத்தியது. பெரிய பிரித்தானியாவில் 1997 ஆம் ஆண்டுச் சட்டங்களுக்குப் பின் இவ்வகைத் துப்பாக்கியைத் தனிநபர் வைத்திருப்பதே பெரும்பாலும் இயலாததாயிற்று.

பழைய துப்பாக்கிகளும் சேகரிப்பு மதிப்பும்

1960களில் படை எஞ்சிய எம்1911 மலிவாகவும் ஏராளமாகவும் கிடைத்தது. அக்காலத்தில் ஆயிரக்கணக்கானவை வெட்டப்பட்டு, தேய்க்கப்பட்டு, குரோமிய முலாம் பூசப்பட்டன. இன்று மாற்றம் செய்யப்படாத படைத்துப்பாக்கி வரலாற்றுப் பொருளாகக் கருதப்படுகிறது. மேற்பூச்சை மீண்டும் போடுவதும், குறிநோக்கிக்காக ஸ்லைடை வெட்டுவதும் அதன் சேகரிப்பு மதிப்பைப் பெரிதும் குறைக்கின்றன. சிங்கர் நிறுவனத்தின் 500 துப்பாக்கிகள் போன்ற அரிய வகைகளில் இவ்விழப்பை ஈடுசெய்ய இயலாது.

இயந்திர நோக்கிலும் மிகப் பழைய துப்பாக்கிகள் நல்ல அடிப்படை ஆவதில்லை. முதல் உலகப் போர்க் கால ஸ்லைடுகள் இன்றைய முறையில் கடினமாக்கப்படாதவை. தொடர்ந்து சுட்டால் விரிசல் ஏற்படலாம்.

அமெரிக்க நாடாளுமன்றம் 2015 இல் இயற்றிய சட்டத்தின்படி, தரைப்படையிடம் எஞ்சியிருந்த எம்1911 துப்பாக்கிகள் குடிமக்கள் குறிசுடுதல் திட்டத்திற்கு அளிக்கப்பட்டன. 2018 இல் அவை குலுக்கல் முறையில் விற்பனைக்கு வந்தன. வாங்குவோரில் பலர் அவற்றை மாற்றாமல் பாதுகாக்கின்றனர். தனிப்பயனாக்கத்துக்குப் பிலிப்பீன்சு, பிரேசில், அமெரிக்கா ஆகிய நாடுகளில் தயாரான பிற்காலத் துப்பாக்கிகளே இன்று பெரிதும் பயன்படுகின்றன. அவற்றின் எஃகு உறுதியானது. அவற்றை வெட்டுவதால் வரலாற்று இழப்பும் இல்லை. மாற்றும்போது நீக்கப்படும் மூலப் பாகங்களைத் துப்பாக்கியுடன் சேர்த்து வைப்பது, பின்னாளில் அதனைப் பழைய நிலைக்குக் கொண்டுவர உதவும் நல்ல வழக்கமாகக் கருதப்படுகிறது.